திரைக்கலை கைவருவது படிப்பாலா? பழக்கத்தாலா? – படிப்பாலேயே!

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! (சிரிப்பு) நாடக ஆசிரியர் ப. கண்ணனைத் தந்து, அவர் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் சேர்த்து அனுப்பிய ஜலகண்டாபுரத்துப் பெருமக்களே! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்டார்: "சேலத்திலே மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்தி நூற்றுக்கும் மேலே படம் எடுத்தாரே டி. ஆர். சுந்தரம், அவர் எந்தக் காலேஜிலே சினிமா படித்தார்?" நல்ல கேள்வி. நீங்களும் கை தட்டினீர்கள். சினிமா அவர் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிக்காதவரா அவர்? திருச்செங்கோட்டிலிருந்து கப்பலேறி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். நூலைப் படித்துவிட்டுப் பிலிமுக்கு வந்தவர் ஐயா அவர்! நெசவூர்க்காரர்கள் உங்களுக்குத் தெரியாதா? இழை அறுந்தால் முடிய வேண்டும். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. படத்தொகுப்பு என்றால் வேறென்ன? வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், ஒட்டியது தெரியக்கூடாது. (கைதட்டல்)

சரி, அவரை விடுங்கள். அதே மாடர்ன் தியேட்டர்ஸில் 1950-இல் 'மந்திரி குமாரி' எடுத்தார்கள். கலைஞர் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு. இயக்கம் யார்? எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம் என்று இரண்டு பெயர். யார் இந்த டங்கன்? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த மாணவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டன் கூப்பிட்டார் என்று 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டே 'சதிலீலாவதி' எடுத்தார். எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் அது. பிறகு 'அம்பிகாபதி', 'சகுந்தலை', எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'.

இத்தனை தமிழ்ப்படம் எடுத்தாரே, அவருக்கு எவ்வளவு தமிழ் தெரியும்? பேச வராது! நான் முப்பது வருடமாகத் தமிழ் நடத்துகிறேன், என்னால் ஒரு நிமிடப் படம் எடுக்க முடியாது. தமிழ் பேசாத மனிதர் தமிழனை அழவைத்தார், சிரிக்கவைத்தார். எதை வைத்து? அனுபவமா? வந்து இறங்கினபோது அவருக்கு வயது இருபத்தைந்து! படிப்பு, ஐயா, படிப்பு! அன்றைக்கு நம் படங்கள் மேடை நாடகத்தை நேரே நின்று பிடித்த மாதிரி இருக்கும். கேமரா எங்கே நிற்க வேண்டும், எப்போது கிட்டே போக வேண்டும் என்று கற்று வந்தவர் அவர். (பலத்த கைதட்டல்)

உடனே எதிரணியில் ஒருவர் துண்டுச்சீட்டு எழுதுகிறார். தெரியும், என்ன எழுதுகிறார் என்று. "தாரமங்கலத்துச் சிற்பி எந்தக் காலேஜில் படித்தான்?" அதுதானே? கைலாசநாதர் கோயிலுக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். அங்கே ராமர் வாலியை மறைந்திருந்து அடிக்கிற சிற்பம். ராமர் நிற்கிற இடத்தில் போய் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்று பார்த்தால் ராமர் தெரியமாட்டார். ஒரே கதை. நிற்கிற இடம் மாறினால் நியாயமே மாறுகிறது! இன்றைக்கு ஊடகக் கல்வியில் கேமராக் கோணம் என்று நடத்துகிற பாடத்தின் உயிர் இதுதான். ஆனால் அந்தச் சிற்பி சும்மா கல்லைத் தட்டித் தட்டிக் கற்றவனா? தாள அளவு தெரிந்தவன். முகம் இத்தனை பங்கு, உடல் இத்தனை பங்கு என்று நூலும் குருவும் சொல்லக் கேட்டவன். அதற்குப் பெயர் வகுப்பறை இல்லாமல் வேறென்ன?

இன்னொன்று. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தமபுத்திரன்', பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இரட்டை வேடத்தை எப்படி எடுப்பார்கள்? லென்ஸில் ஒரு பாதியை மறைத்து ஒரு தடவை எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு தடவை. கேமரா ஒரு மயிரிழை அசைந்தால் நடுவிலே கோடு விழும். நொடிக்கு 24 படம். கணக்குத் தப்பினால் அண்ணன் கேட்ட கேள்விக்குத் தம்பி முன்னாலேயே பதில் சொல்லிவிடுவான்! (சிரிப்பு) பழகித்தான் இதைக் கண்டுபிடிப்பேன் என்று ஒருவன் கிளம்பினால் எத்தனை ஆயிரம் அடி பிலிம் பாழ்? முன்னால் தப்பு செய்தவர்களின் தப்பையெல்லாம் சேர்த்துவைத்து, நீ மறுபடி செய்யாதே என்று சொல்வதற்குப் பெயர்தான் பாடம். அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தார்களே, அது படித்த பிள்ளைகளின் படம் இல்லையா?

நடுவர் அவர்களே, இவ்வளவு பேசுகிற நான் ஒரு தப்பு செய்தவன். இந்த மேடையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கைத்தறி நெசவாளி ஒருவர். பெயர் வேண்டாம். அவர் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஊடகக் கல்வி படிக்க வேண்டும் என்றாள். அவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், சினிமாப் படிப்புங்கிறா. டிக்கெட் வாங்கிப் பார்க்கிறதுக்கு எதுக்குங்க காலேஜு?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முனைவர் பட்டம் வாங்கின நான் சொன்னேன்: "அது ஒரு படிப்பாய்யா? தமிழோ கணக்கோ படிக்கவையுங்க. பி.எட். முடிச்சா வேலை." அந்தப் பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

பிடிவாதமாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கல்லூரியும் லேசுப்பட்டது இல்லை. முதல் வருடம் முழுக்கக் கேமராவைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, வெளியிலிருந்து காட்டினார்களாம், மியூசியம் மாதிரி! (சிரிப்பு) அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. கருவியைத் தொடவிடாத படிப்பு, தண்ணீரில் இறக்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது.

மூன்றாம் வருடம் அந்தப் பிள்ளை ஒரு பத்து நிமிடப் படம் எடுத்துக்கொண்டுவந்து, என் வீட்டுக் கூடத்தில் அப்பாவையும் என்னையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியது. அப்பாவைப் பற்றிய படம். ஆனால் அப்பா முகமே வரவில்லை. குழித்தறி உங்களுக்குத் தெரியும்; கால் இரண்டும் குழிக்குள் இருக்கும். கேமராவைக் குழிக்குள் இறக்கியிருந்தாள். மிதிக்கிற கால். வெடித்த பாதம். மேலே நாடா ஓடுகிற சத்தம் மட்டும். கால், சத்தம், கால், சத்தம். அடுத்து ஒரு பட்டுச்சேலை, யாரோ ஒரு கல்யாணப் பெண். மறுபடி அந்தக் கால். கடைசியில்தான் முகம்.

"ஏம்மா, முகத்தை முதலிலேயே காட்டலை?" என்று கேட்டேன். சொன்னாள்: "முகத்தைப் பார்த்தா பாவம்னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க சார். காலைப் பார்த்தா, யாரு இதுன்னு தேடுவாங்க. தேடவைக்கணும்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க."

அவள் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "முப்பது வருசமா மிதிக்கிறேனுங்க. தறியில என் காலை நானே இன்னிக்குத்தானுங்க பார்த்தேன்." (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! பழக்கம் அவருக்கு முப்பது வருடம் இருந்தது. தன் காலைக் காட்டவில்லை. மூன்று வருடப் படிப்பு காட்டியது! எந்தப் படிப்பை நான் படிப்பே இல்லை என்றேனோ, அந்தப் படிப்பு. அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு உங்கள் முன்னாலும் கேட்கிறேன்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன், எல்லார் கையிலும் கேமரா. எதை வெட்டினார்கள், எதை எதோடு ஒட்டினார்கள் என்று தெரியாவிட்டால், ஒட்டியவன் சொன்னதே உண்மை. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் குலெஷோவ் ஒரே நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும் ஒட்டினார். முகம் மாறவில்லை. பார்த்தவர்கள் முதலில் பசி என்றார்கள், பிறகு துக்கம் என்றார்கள். ஆக, ஏமாறாமல் இருக்கவும் படிப்பு வேண்டும்!

நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். கேமராவைத் தொடவிடுகிற கல்லூரியா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். திரைக்கலை கைவருவது படிப்பாலேயே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.