முதலில் பாடட்டும், பிறகு ஊதட்டும்
(பள்ளி பேண்ட் குழுப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆகஸ்ட் 15 அன்று நம் பள்ளி பேண்ட் குழுவை ஊரே பார்க்கிறது. நான் ஆகஸ்ட் 16-ஐப் பற்றிப் பேச விரும்புகிறேன். கொடியேற்றம் முடிந்துவிட்டது. டிரம்கள் அறைக்குள் போய்விட்டன. குழுவில் புல்லாங்குழல் வாசித்த பிள்ளையிடம், "உனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டு" என்று அன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். "அது சொல்லித் தரலையே சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இரண்டு ஆண்டு பேண்டில் இருந்த பிள்ளை இப்படிச் சொல்கிறது என்றால், அணிவகுப்பு அதற்கு வந்துவிட்டது, இசை இன்னும் வரவில்லை என்று பொருள்.

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பல பள்ளிகளில் பேண்ட் குழு உடற்கல்வி ஆசிரியரின் உழைப்பால்தான் உயிரோடு இருக்கிறது. சுதந்திர தினம், குடியரசு தினம், விளையாட்டு விழா என்று நாள்கள் நெருக்குகின்றன. பாடத்தில் பின்தங்கிய ஒரு மாணவன் தோளில் டிரம் ஏறியதும் நிமிர்ந்து நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நிமிர்வு பெரிய விஷயம். அது விழா நாளோடு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? எந்தத் துளையை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். விரலுக்கு வரிசை பழகிவிடுகிறது. மெட்டு காதில் ஏறியதா என்று நாம் சோதிப்பதில்லை. சோதிப்பது எளிது. மெட்டின் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அல்லது குழலைக் கீழே வைத்துவிட்டு, வாசித்ததை வாயால் பாடச் சொல்லுங்கள். பாட முடியாத பிள்ளை அந்த மெட்டைக் கேட்கவே இல்லை. விரல் வழுக்கினால் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சமாளிக்கும்.

நம் மண்ணின் கற்பித்தல் முறை வேறு. தவில், மிருதங்கம் கற்பவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுத்தான் பழகுகிறார்கள். பறை கற்றுத்தருபவர்களும் அடிகளை வாயால் சொல்லிக் கொடுக்கிறார்கள். குழலும் நாகசுரமும் கற்பவர்களுக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். ஹங்கேரி நாட்டின் சோல்தான் கோடாய் (1882–1967) பள்ளிகளுக்காக வற்புறுத்தியதும் இதைத்தான். குழந்தை முதலில் பாடட்டும், கருவி பிறகு வரட்டும் என்பது அவர் வழி. அவர் முறையில் தாளத்தை 'தா, தி-தி' என்று வாயால் சொல்லிப் பழகுகிறார்கள். நமக்கு இது புதிதல்ல.

பேண்ட் இசை நம்மிடம் வந்த காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் அரண்மனையில் மேனாட்டுப் பாணி பேண்ட் இருந்தது. அதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டு மெட்டுகளைக் காதால் வாங்கி, அவற்றுக்குச் சாகித்யம் அமைத்தார். அவற்றை நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணின் மெட்டு. 'சியாமளே மீனாட்சி' நம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு. அந்நிய மெட்டைக் கேட்டு, பாடி, தனதாக்கிக்கொள்ளும் இந்த வழி நம் பிள்ளைகளுக்கும் உரியது.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

முதலாவது, தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அரசு அறிவித்தது. மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்பது விதி. நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு அது மனத்தில் பதிந்திருக்கிறது. மோகனத்துக்கு ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். விரல் வரிசையை எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் அடியைப் பாடச் சொல்லி, அதைக் குழலில் தேடச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் கண்டுபிடித்து, மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். அந்த வாரத்தில் அவர்கள் கற்பது ஒரு பாட்டை அல்ல, எந்தப் பாட்டையும் தேடும் வழியை.

இரண்டாவது, தாளம். டிரம் குச்சியைக் கையில் கொடுப்பதற்கு முன் சொல்லைக் கொடுங்கள். நடந்துகொண்டே 'தகதிமி' சொல்லட்டும். பிறகு இடது காலுக்கு ஒரு 'தகிட', வலது காலுக்கு ஒரு 'தகிட' சொல்லட்டும். நடை மாறாது, உள்ளே ஓடும் கணக்கு மட்டும் நான்கிலிருந்து மூன்றாகும். இந்த வேறுபாட்டை உடம்பில் உணர்ந்த பிள்ளைக்கு எந்த அணிவகுப்புத் தாளமும் கடினமில்லை. இதற்குக் கருவியே தேவையில்லை. பெஞ்சும் தொடையும் போதும்.

மூன்றாவது, பியூகிள். அதில் துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் சுரத்தை மாற்றுகின்றன. வழக்கமான பியூகிள் அழைப்புகளுக்கு ஐந்து ஒலிகள்தாம்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. அடுத்து வரும் சுரம் மனத்தில் ஒலிக்காவிட்டால் உதடு அதைப் பிடிக்காது. பியூகிள் பிளிறுவதற்குப் பல நேரம் காரணம் மூச்சுக் குறைவல்ல. எந்தச் சுரத்தை ஊதப்போகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாததுதான். ஒருமுறை பாடிவிட்டு ஊதச் சொல்லுங்கள். மோகனத்தின் ச, க, ப மூன்றும் அதிலேயே இருப்பதால், சுருதி பொருந்தினால் குழலோடு சேர்ந்தும் ஊதலாம். பொருந்தாவிட்டால் தனித்தனியாக வாசிக்கட்டும்.

நாற்பது நிமிடப் பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் கருவியைத் தொடாமல் பாட்டும் சொற்கட்டும். அடுத்த இருபது நிமிடம் விழாவுக்கான மெட்டுகள். கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு. ஒருவர் நான்கு எண்ணிக்கைக்குத் தன் மனம்போல் வாசிக்கட்டும், அடுத்தவர் அதற்குப் பதில் வாசிக்கட்டும். தவறு என்று எதுவும் அங்கே கிடையாது. தாளம் நிற்கக் கூடாது, அவ்வளவே.

"விழாவில் பெயர் கெட்டுவிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான அச்சம். அமெரிக்காவில் 1923-இல் சிகாகோவில் தேசிய அளவில் பள்ளி பேண்ட் போட்டி தொடங்கியது. போட்டிகள் பேண்டை நாடெங்கும் வளர்த்தன. போட்டிக்கான நான்கு மெட்டுகளே பாடமாகிவிடும் என்ற கவலையும் கூடவே வளர்ந்தது. 1994-இல் அங்கே வகுத்த தேசிய இசைக் கல்வித் தரங்களில் பாடுதல் முதலிலும், கருவி வாசித்தல் இரண்டாவதாகவும், கற்பனையாக வாசித்தலும் புதிதாக அமைத்தலும் அடுத்தும் இடம்பெற்றன. மேடையை அவர்கள் கைவிடவில்லை. மேடை எதன் விளைவாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார்கள்.

"எனக்கு இசை தெரியாதே" என்பது அடுத்த தயக்கம். தமிழ்த்தாய் வாழ்த்தை நீங்கள் பாடுகிறீர்கள். அது போதும் தொடங்குவதற்கு. உங்கள் ஊரில் தவில் வாசிப்பவரோ பறை அடிப்பவரோ நிச்சயம் இருப்பார். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு மணி நேரம் அழைத்து வாருங்கள். அவர் பிள்ளை நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும். தன் அப்பாவை ஆசிரியராகப் பார்க்கும் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. பேண்டில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது உயரத்தையும், சீருடை வாங்கும் வசதியையும் பார்த்துவிடுகிறோம். பெண் பிள்ளை என்றால் குழலும் ட்ரையாங்கிளும், ஆண் பிள்ளை என்றால் டிரம் என்று கை தானாகப் பிரித்துக் கொடுக்கிறது. விழாவுக்கு நிற்பவர்கள் முப்பது பேராக இருக்கட்டும். முதல் பத்து நிமிடப் பாட்டும் சொற்கட்டும் வகுப்பு முழுமைக்கும் உரியதாக இருக்கலாமே! பருவத்துக்கு ஒருமுறை கருவிகளை மாற்றிக் கொடுங்கள். டிரம் அடிக்க விரும்பும் சிறுமி எத்தனை பேர் என்று அப்போது தெரியும்.

அடுத்த பயிற்சி நாளில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கருவிகளை அறையிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அவர்கள் வாசிக்கும் மெட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் குரலே உங்களுக்குச் சொல்லிவிடும்.