கூலியும் இலாபமும்

மேல்நிலை முதலாம் ஆண்டில் வணிகவியல் பயிலத் தொடங்கியிருக்கும் மாணவ மாணவியரே!

மதிப்பெண் குறைந்தோர்க்கு உரிய பாடம் வணிகவியல் என்றோர் எண்ணம் நம் ஊர்களில் நிலவுகின்றது. அண்ணல் அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகப் பணியேற்றார் என்பதையும், 1923இல் அவர் வெளியிட்ட ஆய்வுநூல் ரூபாயைப் பற்றியது என்பதையும் அவ்வாறு எண்ணுவோர்க்கு நினைவூட்ட விரும்புகின்றேன்.

உங்கள் பாடநூலின் தொடக்கத்திலேயே முதல், கொள்முதல், எடுப்பு, இலாபம் என்னும் சொற்கள் வரும். பொருள் தெரியாமல் அவற்றை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஆதலின் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றேன். கணவனும் மனைவியும் வீட்டிலிருந்தே காலணி செய்து விற்கின்றனர் எனக் கொள்வோம். (காலணி என்றதும் பின்வரிசையில் சிலர் தலைகுனிவதைக் காண்கின்றேன். குனிய வேண்டா. கூலி கொடாமல் அவ்வேலையை வாங்கியோரே நாண வேண்டும்.) ஒரு திங்களுக்குத் தோல், அடிப்பாகம், பசை, நூல் ஆகியவற்றுக்கு 9,000 ரூபாய் செலவு, விற்று வந்தது 21,000 ரூபாய். இலாபம் எவ்வளவு என்று கேட்டால், 12,000 என்று உடனே விடை கூறுவீர்கள்.

அவ்விருவரும் 25 நாள் உழைத்தனரே, அதன் விலை என்ன? அதே நாள்களில் வெளியே வேலைக்குச் சென்றிருந்தால் அவருக்கு நாளொன்றுக்கு 400, அம்மையாருக்கு 300 கிடைத்திருக்கும் என்று வையுங்கள். இருவர்க்குமாக 17,500 ரூபாய். இதனையும் சேர்த்தால் அடக்கவிலை 26,500 ஆகின்றது. இலாபம் என்று மகிழ்ந்த இடத்தில் 5,500 ரூபாய் குறைகின்றது! தனி உரிமையாளர் தம் உழைப்புக்கான கூலியைக் கணக்கேட்டில் செலவாக எழுதுவதில்லை என்பது உண்மையே. எனினும் பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். விலை குறிக்கும்போது இதை மறந்தால், வாங்குவோர்க்கு நம் உழைப்பை இலவசமாகத் தருகின்றோம் என்றே பொருள். தலைமுறை தலைமுறையாக நம்மவர் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர் பிறர். இனி நாமே அதைச் சேர்க்காமல் விடலாமா?

மற்றொன்று எடுப்பு. கல்லாவில் இருக்கும் பணத்தில் அரிசி வாங்குகின்றோம், பிள்ளைக்குக் கட்டணம் செலுத்துகின்றோம். அது தவறன்று, எழுதாமல் எடுப்பதே தவறு. தொழில் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று கணக்கியல் கருதுகின்றது. அவர் வீட்டிற்கு எடுப்பது முதலைக் குறைக்கும். குறைந்தது தெரியாவிடில், அடுத்த திங்கள் தோல் வாங்கத் தண்டல்காரரிடம் செல்ல நேரும். அவர் கையில் 8,500 தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் ஐம்பதாம் நாளிலேயே 5,000 திருப்பியாயிற்று. முழுக் கடனும் 100 நாள் நம் கையில் இருந்ததேயில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அவ்வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 4 பங்கைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சிறுதொழில்களிடம் வாங்க இலக்கு வைக்க வேண்டும் என 2012ஆம் ஆண்டு ஆணை கூறுகின்றது. அதற்கு விலைப்புள்ளி தர வேண்டும். அடக்கவிலை அறியாதவர் எந்த விலையைக் குறிப்பார்?

இன்றே ஒரு நோட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள்: நாள், வந்தது, போனது, வீட்டிற்கு எடுத்தது. வீட்டில் தொழில் செய்வோர் இருப்பின் அவர்களைக் கேட்டு ஒரு திங்கள் எழுதி வாருங்கள். இல்லாதோர் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரை அணுகலாம், அவர் இசைந்தால். வங்கிகள் வட்டி கணக்கிடும் முறையை எனக்குப் பின் பேசவிருக்கும் நண்பர் விளக்குவார்.