பூட்டிய பள்ளியும் பொதுப்பணமும்



அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு மாவட்டம். புகையிலை விளையும் பூமி. அங்கே ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடமில்லாதவர்களுக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகை. மழை வந்தால் ஒழுகும். பிள்ளைகள் குடைபிடித்துப் பாடம் கேட்டார்கள்.

1951 ஏப்ரல் 23 அன்று பதினாறு வயதுப் பெண் பார்பரா ஜான்ஸ் பள்ளியையே வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினாள். அதிலிருந்து பிறந்த வழக்கும் சேர்ந்துதான், இனவாரியாகப் பள்ளி பிரிப்பது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்புக்கு மாவட்ட நிர்வாகம் என்ன பதில் சொன்னது? 1959இல் பொதுப்பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்க மறுத்தது. அத்தனை பள்ளிக்கும் பூட்டு. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஐந்து ஆண்டுகள்!

வெள்ளைப் பிள்ளைகளுக்கு அதே ஆண்டில் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி தயாராக நின்றது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர். சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். சிலருக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாலெழுத்து கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை.

பெற்றோர் தங்கள் பிள்ளையை விரும்பிய பள்ளியில் சேர்ப்பது உரிமைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். 1960-61இல் அந்த அகாடமியின் கட்டணத்துக்கு மாநிலமும் மாவட்டமும் மானியம் கொடுத்தன. அதற்கு நன்கொடை தந்தவருக்குச் சொத்துவரியில் 25 சதவீதம் வரை கழிவு. தன் மகனுக்குப் பள்ளி இல்லாத கறுப்பினத் தகப்பனும் வரி கட்டினான். அவன் மகன் நுழைய முடியாத பள்ளிக்கு அரசுப் பணம் போனது. இதற்குப் பெயர் விருப்பமா? இது பகற்கொள்ளை!

1964இல் உச்ச நீதிமன்றம் பூட்டை உடைத்தது. பள்ளிகள் திறந்தன. வந்த வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அகாடமியிலேயே இருந்துவிட்டார்கள்.

மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்திலும் இதே கதை. பிரிவினை நீங்கிய முதலாண்டில் பொதுப்பள்ளிகளில் வெள்ளை மாணவர் எண்ணிக்கை 771இலிருந்து 28 ஆனது. மறுவருடம் ஒருவர்கூட இல்லை. அவர்கள் போன தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு இருந்தது. கறுப்பினப் பெற்றோர் வழக்காடினார்கள். இனம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971இல் தீர்ப்பு வாங்கினார்கள்.

ஆகவே அவையோரே, ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் நிறம் நிறமாகப் பிரிந்து கிடந்தால், அது தானாக நடந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யார் பணத்தில் பிரிந்தது என்று கேளுங்கள்.

பூட்டிய பள்ளிகளால் படிப்பிழந்தவர்களுக்கு வர்ஜீனியா மாநிலம் கல்வி உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தது 2004இல். அப்போது அவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.