அம்மாவுக்கு ஒரு நாற்காலி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டில் கையில் கரண்டியோடு டி.வி. முன்னால் நிற்கும் தாய்மார்களே!

ஊர்ச் சாப்பாட்டுக் கடை பெரிதாகிப்போனது ஊருக்கு லாபமா, நட்டமா? இதுதான் கேள்வி. எதிரணி ஐயா, "பழைய பெஞ்சு போச்சு, 'வாங்க மாப்பிள்ளை'ங்கிற குரல் போச்சு" என்று உருகினார். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டை கொடுத்தார். ஐயா அதை வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டார்! அழுகை கண்ணில் வரவில்லை, நாக்கில் வந்துவிட்டது. (சிரிப்பு)

எங்க திண்டுக்கல் என்றால் ஒரு காலத்தில் பூட்டு, இப்போது பிரியாணி. 1957-இல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' என்று பெயர் வைத்துத்தான் தொடங்கினார். ஊர் என்ன செய்தது? அவர் தலைப்பாகையைப் பார்த்தது, 'தலப்பாக்கட்டி' என்றது. ஊர் வைத்த பெயர்தான் நின்றது. அந்தப் பெயரும் சீரகச் சம்பா வாசனையும் இன்றைக்குச் சென்னையைத் தாண்டி, கடலையும் தாண்டிவிட்டன. பெயர் வைத்த ஊருக்குப் பெருமை இருக்காதா? 'நம்ம கடை நம்மை விட்டுப் போச்சே' என்ற ஏக்கமும் இருக்கத்தானே செய்யும்? நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பழைய பெஞ்சில் உங்க அம்மா உட்கார்ந்ததுண்டா? (கைதட்டல்)

எங்க தெருமுனையில் ஒரு சின்னக் கடை. சம்பள நாளில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். அம்மாவுக்கு ஒரு பொட்டலம். வீடு வருவதற்குள் ஆறிவிடும். அதிலும் பாதி தங்கைக்கு. "நீ ஏம்மா வரல?" என்று கேட்டால், "அங்கன பொம்பளைக போகமாட்டோம்டா" என்பார்.

இன்று அதே கடையில் குடும்ப அறை, ஏ.சி. எல்லாம் வந்துவிட்டது. போன வருடம் அம்மாவை அழைத்துப்போனேன். இலையில் ஆவி பறக்கிறது. அம்மா கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா?"

"சூடா இருக்குடா..." என்றார். (நீண்ட கைதட்டல்)

குறையே இல்லையா? இருக்கிறது. சில்லறை எண்ணும் கை அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிறது. எங்க அப்பாவே இன்று இருந்தால் விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அதற்காகப் பழைய கடையையே திரும்பக் கேட்காதீர்கள். புதிய கடைக்குள்ளே அவருக்கும் ஒரு பெஞ்சு கேளுங்கள்!

எனவே நடுவர் அவர்களே, கடை வளர்ந்தது லாபமே என்று தீர்ப்பு வழங்குங்கள். எங்க அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.