அதிதிறமைக்கான விசாவும் எங்கள் பெண்களும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் சங்கம் நூறு வயதைக் காணும் இந்த ஆண்டில் என்னைப் பேச அழைத்தமைக்கு நன்றி கூறுகிறேன். "வெளிநாட்டு விசா பற்றி எங்கள் பிள்ளைகள் முகவர்மாரிடம்தான் அரைகுறையாகக் கேட்டு அறிகிறார்கள். திறமையின் பேரில் கிடைக்கும் விசா பற்றி ஒழுங்காகச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சட்டத்தரணி அல்ல, ஆய்வாளர். அமெரிக்காவில் இந்த வழியாக வதிவிட உரிமை பெற்றவள். பின்னர் பலருக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதியவள். அந்த அனுபவத்திலிருந்தே பேசுகிறேன்.

அமெரிக்காவுக்குத் தொழில் நிமித்தம் செல்வோர் பலரும் அறிந்தது எச்-1பி விசா. அதற்கு ஆண்டொன்றுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவில் முதுமாணி அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 இடங்களும் உள்ளன. விண்ணப்பங்கள் இதைவிட அதிகமானால் குலுக்கல்தான். 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இன்னும் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. ஒன்று ஓ-1 என்னும் தற்காலிக விசா. மற்றது ஈபி-1ஏ என்னும் நிரந்தர வதிவிடப் பிரிவு. இரண்டும் தம் துறையில் உச்சிக்கு வந்த சிலருக்கு உரியவை. ஓ-1 விசாவுக்கு ஆண்டு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதை நாமாகக் கேட்க முடியாது. அமெரிக்க நிறுவனமோ முகவரோ எமக்காக விண்ணப்பிக்க வேண்டும். துறைசார் அமைப்பொன்றின் கருத்துரையும் வேண்டும். முதலில் மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும், பின்னர் நீடிக்கலாம். ஈபி-1ஏ பிரிவில் வேலை தருபவர் தேவையில்லை. நாமே நமக்காக விண்ணப்பிக்கலாம்.

"நோபல் பரிசு பெற்றவர்களுக்குத்தானே இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். நோபல் போன்ற பெரும் பரிசு இருந்தால் அது ஒன்றே போதும் என்று விதி சொல்கிறது. அது இல்லாதவர்களுக்காகப் பத்து வகைச் சான்றுகளை அதே விதி வரிசைப்படுத்துகிறது. அவற்றில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். விஞ்ஞானம், கல்வி, வணிகம், விளையாட்டு ஆகியவற்றுக்கான ஓ-1 விசாவில் எட்டில் மூன்று. அந்த வகைகளை எங்கள் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்கிறேன்.

முதலாவது, தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் மதிக்கப்படும் விருது. எங்கள் நாட்டில் விஞ்ஞான ஆய்வுக்கு வழங்கப்படும் ஜனாதிபதி விருதை இதற்கு முன்வைக்கலாம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பெற்ற கேடயம் மனதுக்கு இனியது, இங்கே எண்ணப்படாது.

இரண்டாவது, சாதனை செய்தவர்களை மட்டும் சேர்க்கும் சங்கங்களில் உறுப்புரிமை. சந்தா கட்டிச் சேர்ந்த சங்கம் இதில் அடங்காது. ஐஈஈஈ என்னும் மின்பொறியியலாளர் அமைப்பில் சாதாரண உறுப்பினராக இருப்பது வேறு, மதிப்பிட்டுத் தெரிவு செய்யப்படும் 'பெலோ' நிலை வேறு.

மூன்றாவது, உங்களைப் பற்றி ஊடகத்தில் வந்த ஆக்கம். அதன் தலைப்பு, வெளிவந்த திகதி, எழுதியவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. எங்கள் பத்திரிகைகளில் எழுதியவர் பெயர் இல்லாமலே பல செய்திகள் வருகின்றன. வீரகேசரியிலோ தினக்குரலிலோ உதயனிலோ உங்கள் பணி பற்றி வந்தால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் வையுங்கள். தமிழில் உள்ளதற்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் அத்தாட்சியும் வேண்டும்.

நான்காவது, பிறர் பணியை மதிப்பிடுதல். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் பரிசீலிப்பது, மாநாட்டுக் கட்டுரைகளைத் தெரிவு செய்வது, போட்டிகளில் நடுவராக இருப்பது என்பன இதில் அடங்கும். சம்பளமில்லாத வேலை என்று நாம் மறந்துவிடுவது இதைத்தான். சொந்த மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துவதற்கு அவ்வளவு பாரம் இல்லை.

ஐந்தாவது, துறையில் பெரும் தாக்கம் ஏற்படுத்திய புதிய பங்களிப்பு. ஆறாவது, ஆய்வுக்கட்டுரைகள். ஏழாவது, கலைக் கண்காட்சிகளில் படைப்புகள் இடம்பெறுதல். எட்டாவது, நற்பெயர் பெற்ற நிறுவனத்தில் தலைமையான அல்லது முக்கியமான பொறுப்பு. ஒன்பதாவது, துறையில் ஏனையோரைவிட உயர்ந்த ஊதியம். இலங்கையில் பெற்ற சம்பளத்தை டொலருக்கு மாற்றிப் பார்த்து யாரும் மனம் சோரத் தேவையில்லை. அந்த நாட்டில் அந்தத் தொழில் செய்வோரின் ஊதியத்தோடுதான் அதை ஒப்பிட வேண்டும். பத்தாவது, அரங்கக் கலைகளில் வணிக வெற்றி.

பரதநாட்டியமும் சங்கீதமும் கற்ற தங்கைமாருக்கு ஒரு சொல். கலைகளுக்கான ஓ-1 விசாவுக்கு வேறு பட்டியல் உண்டு. தனித்துவமான பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு வரும் கலைஞர்களுக்குப் பி-3 என்று தனி விசாவும் உண்டு. குடும்பத்தார் செலவு செய்து நடத்திய அரங்கேற்றம் பயிற்சி முடிந்ததைக் காட்டும். அதன் பின் யார் உங்களை அழைத்தார்கள், எந்த மேடையில் முதன்மைக் கலைஞராக ஆடினீர்கள், விமர்சகர் என்ன எழுதினார் என்பவைதான் சான்று.

மூன்றைக் காட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஈபி-1ஏ விண்ணப்பம் இரண்டு படிகளில் பார்க்கப்படுகிறது. முதற்படியில் எத்தனை வகை நிறைவேறியுள்ளது என்று எண்ணுவார்கள். இரண்டாம் படியில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, இவர் உண்மையில் துறையின் உச்சியில் நிற்கும் சிலரில் ஒருவரா என்று பார்ப்பார்கள். இந்த முறைக்கு வழிவகுத்தது 2010ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்த்த கசாரியன் வழக்கு. அந்த வழக்காளி ஒரு பௌதிகவியலாளர். அவர் இரண்டு வகைகளையே நிறைவேற்றினார் என்று நீதிமன்றம் கண்டது. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது நிராகரிக்கப்பட்டதாகவே இருந்தது. எனவே ஒரு நிராகரிப்பு என்பது நீங்கள் திறமையற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. முன்வைத்த சான்று அந்த விதிக்குப் போதவில்லை என்பதே அதன் பொருள்.

அன்பானவர்களே, இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிப் பெண்களிடம் சாதனை குறைவில்லை. சான்றுதான் குறைவு.

எனக்குத் தெரிந்த பழைய மாணவி ஒருவர் கணவரோடு அமெரிக்கா வந்தவர். தன் பணிகளை எழுதித் தரும்படி கேட்டேன். நான்கு வரி எழுதினார். அதில் ஒரு வரி, "ஆய்வுகூடத்தில் நீர்ப் பரிசோதனை செய்தேன்" என்பது. இரண்டு மணித்தியாலம் பேசிய பிறகுதான் தெரிந்தது, யாழ்ப்பாணக் கிணறுகளின் நைத்திரேற்று அளவை ஆண்டுக்கணக்காக அளந்து, அதற்கென ஒரு மாதிரியெடுப்பு முறையை வகுத்தவர் அவர் என்று. வேறு ஆய்வாளர்கள் அந்த முறையைப் பின்பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை பரிசீலித்தும் கொடுத்திருந்தார். "ஏன் இதை எழுதவில்லை?" என்றேன். "நான் என்னத்தைப் பெரிசாச் செய்துபோட்டன்?" என்றார். அடக்கம் நல்ல குணம். ஆனால் விண்ணப்பத்தை வாசிக்கும் அதிகாரிக்கு எங்கள் அடக்கத்தைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்வது தற்பெருமை ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்வுகளில் எத்தனை வீடுகளில் சான்றிதழ்களும் புத்தகங்களும் அழிந்தன என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்குத் தெரியும். 1995இல் ஒரு பையோடு வீட்டை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் அந்தப் பையும் இல்லாமல் வந்தவர்களும் எங்களுள் இருக்கிறார்கள். இழந்த மூலப் பிரதியை வழங்கிய நிறுவனத்திடமிருந்து உறுதிப்படுத்திய பிரதியாக இன்றே பெற்று வையுங்கள். அந்த நாளில் உங்களோடு பணியாற்றியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கடிதம் வாங்குங்கள்.

மூன்றாவது, பெயர். எங்களுக்குத் தந்தையின் பெயர் முதலெழுத்தாக இருக்கும். திருமணத்தின் பின் கணவரின் பெயர் வரும். கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொன்று, ஆய்வுக்கட்டுரையில் வேறொன்று. மூன்று பெண்கள் செய்த வேலை போலத் தோன்றும். முதற் கட்டுரையிலேயே ஒரு பெயரைத் தெரிவு செய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். திருமணம் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆய்வாளர்களுக்கு ஓர்சிட் என்னும் அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே பெயர் மாறியவர்கள் விவாகப் பதிவுச் சான்றிதழையும் சத்தியக்கூற்றையும் இணைக்கலாம்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். "இவர் கெட்டிக்காரி, கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயனில்லை. இவர் வருவதற்கு முன் துறையில் என்ன சிக்கல் இருந்தது, இவர் என்ன செய்தார், அதனால் யார் எதை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லும் கடிதமே வேண்டும். உங்களோடு பணியாற்றாமல், உங்கள் பணியால் மட்டும் உங்களை அறிந்த ஒருவர் எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

துணையாகச் செல்லும் பெண்களுக்கு ஒரு கணக்கு. ஓ-1 பெற்றவரின் துணைவருக்குக் கிடைக்கும் ஓ-3 விசாவில் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் இருவருக்கும் தகுதி இருந்தால், யாருடைய பெயரில் விண்ணப்பிப்பது என்பதை இருவரும் கோப்புகளை மேசையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணவரின் பெயரில்தான் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

நிரந்தர வதிவிட வரிசை கடவுச்சீட்டைப் பொறுத்ததல்ல, பிறந்த நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பிறந்தோருக்கு நீண்ட காத்திருப்பு உண்டு. போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். துணைவர் பிறந்த நாட்டின் வரிசையில் சேரவும் சட்டத்தில் இடமுண்டு. இத்தகைய நுணுக்கங்களுக்குச் சட்டத்தரணியையே நாடுங்கள்.

பிரித்தானியாவில் 2020 பெப்ரவரி முதல் குளோபல் டலண்ட் விசா உள்ளது. றோயல் சொசைற்றி, பிரிட்டிஷ் அக்கடமி, ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலண்ட் போன்ற அமைப்புகள் துறைக்கேற்ப ஒப்புதல் வழங்கும். வேலை கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னணியில் இருப்பவர்களோடு, முன்னணிக்கு வரக்கூடிய இளையோருக்கும் அங்கே இடமுண்டு என்பதை மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியாவின் 858ஆம் இலக்க விசாவுக்கு, அதே துறையில் தேசிய நற்பெயர் பெற்ற அந்நாட்டவரோ அமைப்போ முன்மொழிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த விசாவின் பெயரால் விருதுகள் விற்கப்படுகின்றன. பணம் கட்டினால் 'சர்வதேசச் சாதனையாளர்' பட்டம், பணம் கட்டினால் ஆய்விதழில் பெயர், பணம் கட்டினால் நடுவர் பதவி. இவற்றைத் தொடாதீர்கள். பொய்ச் சான்று கண்டுபிடிக்கப்பட்டால் அமெரிக்கக் கதவு வாழ்நாள் முழுதும் மூடப்படலாம். அதைவிட, உண்மையாக உழைத்துப் பெற்ற மற்றச் சான்றுகளும் அதோடு சந்தேகத்துக்கு உள்ளாகும்.

"திறமைசாலிகள் எல்லோரும் போய்விட்டால் இங்கே யார் மிஞ்சுவது?" என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொன்ன கோப்பு, இங்கே இருக்கப்போகிறவளுக்கும் வேண்டும். பதவி உயர்வுக்கும், ஆய்வு நிதிக்கும், புலமைப்பரிசிலுக்கும் அதே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. போவதா இருப்பதா என்று அவளே தீர்மானிக்கட்டும். கையில் தாளில்லாத காரணத்தால் வேறொருவர் அதைத் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது.

நிறைவாகச் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். துறைவாரியாக மூத்த பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். கோப்புத் தயாரிக்கும் தங்கைக்கு வழிகாட்ட ஓர் அக்கா கிடைப்பாள். கல்லூரியின் பழைய பரிசளிப்பு அறிக்கைகள், ஆண்டு மலர்கள், விளையாட்டுப் பதிவேடுகள் எஞ்சியவற்றை மின்பிரதி எடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். உயர்தர வகுப்பு முடித்துச் செல்லும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கோப்புறையைக் கொடுத்து, அதில் முதல் தாளைக் கல்லூரியே வைத்து அனுப்புங்கள்.

மாணவிகளே, இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் செய்தவற்றைத் திகதியோடு எழுதத் தொடங்குங்கள். சிறியது என்று எதையும் விடாதீர்கள். எது பெரியது என்று பிறகு பார்ப்போம்.