இந்த மழைக்குக் கூடாரத்தை எங்கே அடிப்பது?

(மே மாதம் நான்காவது ஞாயிறன்று நடந்த நம் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. நேற்று முழுவதும் வேளிமலை கண்ணுக்கே தெரியவில்லை. கரண்ட் போனதும் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பல நாள் முகம் பார்க்காதவர்கள்கூட வராந்தாவில் கட்டன்சாயாவோடு உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகள் மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "அங்கிள், வாற சனிக்கிழமை டென்ட் அடிக்கப் போறோமா, இல்லையா?"

அந்தத் திட்டத்தைப் போன கூட்டத்தில் சொன்னவன் நான்தான். பள்ளிக்கூடம் திறக்குமுன் ஒரு இரவு, திற்பரப்புப் பக்கம் கோதையாற்றங்கரையில் தங்கலாம் என்றேன். 18 குடும்பங்கள் பெயர் கொடுத்தீர்கள். இன்று அந்த இடத்தை மாற்றுவோம் என்று கேட்கத்தான் எழுந்து நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

திற்பரப்பில் ஓடும் தண்ணீர் திற்பரப்பில் பெய்த மழை மட்டும் அல்ல. மேலே மலையில் பெய்வதும், பேச்சிப்பாறை அணையில் திறப்பதும் சேர்ந்துதான் அங்கே வருகிறது. அணைக்கு நீர்வரத்து கூடினால் உபரிநீரைத் திறப்பார்கள். அருவியில் குளிக்கத் தடை போடுவது அதனால்தான். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேலே கொட்டித் தீர்த்திருக்கும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இதே கோடைக் கடைசி, இதே விடுமுறைக் கூட்டம். திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான்.

"அப்படியானால் கடற்கரைக்குப் போவோமே" என்று நேற்று சிலர் கேட்டீர்கள். அதே 2024 மே 6 அன்று நம் மாவட்டத்தில், கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கடல் சீற்றம் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

என் கதையும் ஒன்று உண்டு. காலேஜ் முடித்த வருஷம் நண்பர்கள் நாலு பேர் ஒரு ஓடைக்கரை மணல்திட்டில் படுத்தோம். அங்கே ஒரு துளி மழை இல்லை. விடியற்காலையில் காலில் ஈரம் பட்டு முழித்தால் அடுப்பைக் காணோம், பாத்திரத்தைக் காணோம், ஒருத்தன் செருப்பையும் காணோம். எங்களுக்குப் போனது பாத்திரம்தான். அந்த இடத்தில் பத்து வயதுப் பிள்ளை படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த இரண்டு நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்கும். 2025-இல் கேரளத்தில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. அது ஓய்ந்தால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிறகு பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பிடித்த தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மலைப்பக்கம் நிம்மதியாகத் தங்க நமக்குக் கிடைப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரைதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு என்பதற்காக நாம் மே மாதத்தைப் பிடித்துக்கொண்டோம். பொங்கல் லீவு இருக்கிறதே!

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, வருகிற சனிக்கிழமை. பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். டென்ட் நம் கட்டடத்திலேயே அடிப்போம். மொட்டை மாடி வேண்டாம், இடி மின்னல் நேரம். தரைத்தளக் கார் நிறுத்துமிடம் போதும். டோம் டென்ட் முளைக்குச்சி இல்லாமலே நிற்கும். ஒரே ஒரு இரவுக்குக் கார்களை வெளியே எடுத்து நிறுத்தித் தர வேண்டும். இதைக் கேட்கத்தான் எனக்குத் தயக்கம். ஆனாலும் கேட்கிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்த் துவையல் அரைத்து, மட்டிப்பழத்தோடு முடித்துக்கொள்வோம். அடுப்பு டென்டுக்கு வெளியே, தள்ளித்தான் இருக்க வேண்டும். கேட் பக்கம் பெரியவர்கள் இரண்டு பேர் முறைவைத்து விழித்திருப்போம்.

காலையில் மழை விட்டிருந்தால் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போவோம். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டாவது, பொங்கல் லீவில் உண்மையான பயணம். இடம் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்க வேண்டும், கழிப்பறை வேண்டும், உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்க வேண்டாம். அது சரணாலயம், யானை நடமாடும் காடு. நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பேச்சிப்பாறைக்கு முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இன்றைய மட்டம் என்ன என்று தினமும் பேப்பரில் பார்த்து, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சாமானை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம். அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த இரண்டு எண்ணும் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.

பொங்கலுக்கும் வானம் சரியில்லை என்றால் அப்போதும் தள்ளிவைப்போம். அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

சனிக்கிழமை காரை வெளியே எடுத்துத் தரச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.