இரண்டு நிமிடத்துக்கும் ஒரு மணிக்கும் இடையில்: தலைமை உரை



இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. குரல் தடுமாறினால் பொறுத்தருளுங்கள்.

கருத்தரங்கின் பொருள் ‘மூளையும் காலமும்’. ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட எஸ்.சி.என். நம் நாள்லயத்தை நடத்துவதும், விழித்திரையின் மெலனாப்சின் செல்கள் அதற்கு வெளிச்சத்தை உணர்த்துவதும், பழ ஈயின் உயிர்க்கடிகார ஆய்வு 2017இல் நோபல் பெற்றதும் இந்த அவைக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியவை அல்ல.

ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். தூக்கமும் ஷிப்ட் வேலையும் கீழரங்கில். மூளை விநாடிகளை அளப்பது மாடியில். அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, துறையே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. நாள்லயம் எஸ்.சி.என். வேலை, கால உணர்வு ஸ்ட்ரையேட்டத்தின் வேலை, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பார்கள். எஸ்.சி.என். அழிக்கப்பட்ட சுண்டெலிகளும் இடைவெளிகளைச் சரியாகக் கணித்தன என்ற 2003ஆம் ஆண்டுக் கட்டுரை சான்றாக வரும். நல்ல கட்டுரைதான். அது விநாடிகளைப் பற்றியது, அவ்வளவே.

யூர்கன் ஆஷாஃப் 1985இல் எழுதியதை யார் படிக்கிறார்கள்? ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் நிலவறையில் கடிகாரமும் பகலொளியும் இன்றித் தங்கியவர்களிடம், ஒரு மணி நேரம் கழிந்ததாகத் தோன்றும்போதெல்லாம் தெரிவிக்கச் சொன்னார். யாருடைய விழிப்பு நீண்டதோ அவர்களுடைய ‘ஒரு மணி’யும் நீண்டது. 10 விநாடி முதல் 2 நிமிடம் வரையிலான கணிப்புகளில் அந்தத் தொடர்பே இல்லை. ஆக, எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. அது 2 நிமிடத்துக்கும் ஒரு மணிக்கும் நடுவில் எங்கோ ஓடுகிறது. மாடிக்காரர்கள் அதற்குக் கீழே நின்று அளக்கிறார்கள், கீழரங்கத்தார் அதற்கு மேலே.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் 1991இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடுத்த படி. அவரைக் குகை வௌவால்களுக்காக மட்டும் நினைப்பவர்கள் அதையும் எடுத்துப் பார்க்கட்டும். தனிமை அறையில் இருந்தவரிடம் இரண்டு மணி நேரத்தைக் கணிக்கச் சொன்னார்கள். அங்கும் கணிப்பு விழிப்பின் நீளத்தோடுதான் போனது.

என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பொரு கூட்டத்தில் அதை ‘ஒற்றை ஆள் சோதனை’ என்று ஒதுக்கினார். அடுத்த ஸ்லைடிலேயே, மிஷெல் சிஃப்ர் 1962இல் குகைக்குள் விநாடிக்கு ஒன்று என்று நினைத்து 120 வரை எண்ண ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டதைக் காட்டினார். சிஃப்ரும் ஒரே ஆள்தான், ஐயா! போதாக்குறைக்கு, பனிக்கட்டிக் குகையில் நடுங்கிக்கொண்டிருந்த ஆள். உடம்பு சூடேறினால் எண்ணும் வேகம் கூடும் என்று ஹோக்லண்ட் 1933இலேயே காட்டிவிட்டார். சிஃப்ரின் மெதுவான எண்ணிக்கைக்கு உயிர்க்கடிகாரத்தைவிடக் குளிரைச் சந்தேகிப்பதே முறை. மதுரைச் சோதனைக்கோ ஆண்டெக்ஸின் பலர் துணைநிற்கிறார்கள்.

அந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று அறிய, இடைப்பட்ட நேரங்களை, அதாவது 5, 15, 30 நிமிடங்களை, ஒரே ஆளிடம் ஒரே விழிப்புக்காலத்தில் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடிகாரம் இல்லாத அறையும் பொறுமையும் போதும். பிற்பகலில் இரு அரங்கத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்து இதை விவாதிக்க அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். நண்பரின் மறுப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. என் கேள்விகளுக்கு அது போதாது என்பதை இப்போதே சொல்லிவைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.